முதலில் திறக்கும் கண்

வீட்டில் இருக்கும் பழைய எவர்சில்வர் குடம் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் தட்டுப்படும். மாமன் சீராக வந்த குடமென்றால் மாமன் பெயர், சிநேகிதர்கள் சேர்ந்து வாங்கித் தந்ததென்றால் நாலைந்து முதலெழுத்துகள், அடியில் தேதி. பெயருக்குரியவர் போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம். குடம் இன்னும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். பாத்திரக் கடையில் பில் போட்டு முடிந்ததும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். முன்பு சிறு உளியும் சுத்தியும் வைத்துத் தட்டினார்கள். இப்போது கையடக்க மின்கருவி விர்ரென்று எழுதிவிடுகிறது. சில கடைகளில் எழுத்துக் கணக்கில் காசு, பல கடைகளில் இலவசம்.

ஒரே மாதிரியாகச் செய்த ஆயிரம் குடங்களில் ஒன்றை மட்டும் ஒரு வீட்டுக்கு உரியதாக மாற்றியது அந்தப் பெயர்தான். 'பர்சனலைஸ்டு கிப்ட்' என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பழக்கம் இங்கே இருந்தது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் கிராமங்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வந்தால் சாமான் வாங்கத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறும் வட்டாரம். இப்படிப்பட்ட சிறு ஊர்களிலும் இப்போது கண்ணாடிப் பாட்டிலிலும் டம்ளரிலும் சின்னச் சின்ன கேன்வாஸ்களிலும் கையால் வரைந்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு ஆர்டர் பிடிக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள். மணமக்கள் பெயர், பிறந்த குழந்தையின் காலடித் தடம், புதுவீட்டின் முகப்பு என்று கேட்டதை வரைந்து தருகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது யூடியூப் கற்றுக்கொடுத்த புது மோகமாகத் தெரியலாம். கண்ணாடியில் வரைவதற்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு இன்றைய பரிசு ஓவியருக்கு ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அழகான படம் வேண்டும் என்பதற்காக மட்டும் மனிதர்கள் கையை நாடிய இடங்களிலெல்லாம் அச்சு கையை வென்றது. குறிப்பிட்ட ஓர் ஆளுக்காகக் கையை நாடிய இடங்களில் கை நெடுநாள் தாக்குப்பிடித்தது. அந்த இரண்டாம் இடமும் இப்போது ஆட்டம் காண்கிறது. அதனால்தான் பழைய கதையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் வரவேண்டியது முதலில்

கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கலை ஐரோப்பாவில் வளர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தின் காண்டன் துறைமுகத்தில் பெருந்தொழிலாகியது. 1757க்குப் பிறகு மேலை நாட்டுக் கப்பல்களுக்குச் சீனம் திறந்துவைத்திருந்த ஒரே துறைமுகம் அது. அங்கே வந்திறங்கிய மாலுமிகளும் வணிகர்களும் தங்கள் உருவத்தையே கண்ணாடியில் வரைந்து வாங்கிப் போனார்கள். ஸ்பாய்லம் என்று வெளிநாட்டார் அழைத்த சீன ஓவியர் 1774இல் தாமஸ் ஃப்ரை என்ற கப்பல் தலைவரைக் கண்ணாடியின் பின்புறம் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. ஆர்டர் கொடுத்து, ஆளைப் பார்த்து வரைந்த படம். பரிசுக் கண்ணாடியின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

காண்டன் படங்கள் கப்பலேறி இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தன. சீன ஓவியர்கள் சிலர் மேற்கிந்திய அரண்மனைகளில் தங்கி வேலை செய்தார்கள். அவர்களிடமிருந்து உள்ளூர்க் கைகள் தொழிலைப் பிடித்துக்கொண்டன. குஜராத், சதாரா, மைசூர் என்று பரவிய இந்தக் கலை, இரண்டாம் சரபோஜி (1798–1832) ஆண்ட தஞ்சையில் தனி முகம் பெற்றது. ஏற்கெனவே பலகையில் தங்கரேக்கும் கல்லும் பதித்துச் சாமி படம் செய்துகொண்டிருந்த ராஜு குடும்பத்து ஓவியர்களின் ஊர் அது. கண்ணாடிக்கு வந்தபோதும் உருண்ட கன்னம், பெரிய கண், நகைப் பளபளப்பு என்று அந்தக் கைச்சாயல் கூடவே வந்தது. வெண்ணெய் உருட்டி வைத்திருக்கும் கிருஷ்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் கண்ணாடிக்குள் குடியேறின. ஜெயா அப்பாசாமி 1980இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். அன்னா டல்லாபிக்கோலா 2017இல் விரிவான இன்னொரு நூல் வெளியிட்டார். பழம்பொருள் கடைச் சரக்காகக் கிடந்த இந்தப் படங்களுக்கு இவ்விரு நூல்களும் வரலாற்றில் இடம் பிடித்துக்கொடுத்தன.

வரையும் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சிற்ப மரபில் கண் திறப்பது கடைசி வேலை. உடலும் உடையும் ஆயுதமும் எல்லாம் முடிந்து, நாள் பார்த்து, சிற்பி விழியைத் திறப்பார். கண்ணாடி ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கண்ணிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

காகிதத்தில் போட்ட உருவரையைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முதலில் கருவிழியை வைக்கிறார். அடுத்து புருவம், நெற்றி நாமம், உதட்டுக் கோடு, நகையின் முத்து. இவையெல்லாம் சாதாரண ஓவியத்தில் கடைசி மணி நேரத்தில் வருபவை. அது காய்ந்ததும் விழியின் வெள்ளை, கன்னத்து நிழல். பிறகு முகத்தின் நிறம் முழுவதையும் அந்தக் கோடுகளின்மேல் பூசுகிறார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கண் மறைந்து வெறும் நிறத் திட்டுதான் தெரியும். அதன்பின் உடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. நகை வரவேண்டிய இடத்தை வண்ணம் படாமல் விட்டு, அதற்குப் பின்னால் தங்க நிறத் தாளையோ ஜிகினாவையோ வைத்து அட்டையால் மூடிச் சட்டம் போடுவார்கள்.

இதில் மறதிக்கு மன்னிப்பில்லை. கருவிழி வைக்க மறந்து முகத்தைப் பூசிவிட்டால் பிறகு வைக்கும் விழி முகத்துக்குப் பின்னால் போய்விடும்; சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இடமும் வலமும் மாறிவிடும் என்பது இன்னொரு சிக்கல். உருவரையைத் திருப்பிப் போடாவிட்டால் கிருஷ்ணன் வெண்ணெயை இடக்கையில் பிடித்துக்கொண்டிருப்பான். எழுத்து எழுதுவதானால் இடம் வலம் மாற்றி எழுதும் பயிற்சி தேவை. 'க' எந்தப் பக்கம் வளையும் என்று கை ஒரு கணம் தடுமாறும். பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது ஓவியர் முதன்முதலில் தொட்ட கோடு மட்டும். அதன்மேல் போட்ட ஒவ்வொரு பூச்சும் அந்தக் கோட்டைத் தாங்குவதற்காகப் பின்னால் நிற்கிறது.

தளம் என்கிற விஷயம்

கண்ணாடிக்கும் கேன்வாஸுக்கும் உள்ள வேறுபாடு வண்ணம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூருக்குத் தென்கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக் கோயிலில், ராஜசிம்மப் பல்லவன் காலத்துப் பார்வதி குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து நிற்கிறாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அவள் முகம் தெரிகிறதென்றால் அதற்குக் கல்லின்மேல் பூசிய சுண்ணாம்புத் தளமும் ஒரு காரணம். தஞ்சாவூர்ப் பலகைப் படமும் தளத்தால்தான் நிற்கிறது. பலா மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே தூரிகை தொடும். இன்று கடையில் வாங்கும் கேன்வாஸில் வெள்ளையாகப் பூசியிருக்கும் பூச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. துணியின் நெசவு, வெள்ளைத் தளம், வண்ணம் மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பலகைப் படத்துக்கும் பிறந்தநாள் கேன்வாஸுக்கும் இடையே தங்கரேக்கின் தூரம் இருக்கலாம். தளத்தில் இரண்டும் உறவுதான்.

கண்ணாடியில் அந்தக் கவ்வல் இல்லை. துளையில்லாத வழவழப்பின்மேல் வண்ணம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் வெயிலும் மாறி மாறி அடித்தால் செதில் செதிலாகப் பிரிந்து வரும். பழைய தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் அருகிப்போனதற்கு உடைந்தது ஒரு காரணம், உரிந்தது இன்னொரு காரணம்.

அச்சு வந்த வழி

1894இல் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் பம்பாய்க்கு அருகே காட்கோபரில் தொடங்கியது. லட்சுமியும் சரஸ்வதியும் எண்ணெய் வண்ணச் சாயலோடு காகிதத்தில் அச்சாகி, சுருட்டிக் கட்டப்பட்டு ரயிலேறினார்கள். கண்ணாடிப் படத்தைச் சுருட்ட முடியாது. அது கனம், உடையும், ஒன்றை முடிக்க நாள் கணக்கில் ஆகும். சாமி அறைக்கு ஒரு லட்சுமி வேண்டும் என்பவருக்கு எந்த லட்சுமி என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. காகித லட்சுமி போதுமானதாக இருந்தாள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் கண்ணாடிக் கடவுளர் சந்தையை இழந்தார்கள்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தில் திருவண்ணாமலையும் வருகிறது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976) இளமையில் துறவு மனத்தோடு இங்கே ரமணர் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரையப் போனார். அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழர் வீட்டுச் சுவர்களை நிறைத்தார்கள். திரைச்சீலைக்குக் கையால் வரைந்தவரின் படமே லட்சக்கணக்கில் அச்சானது.

அந்தக் காலண்டரின் அடியில் விட்டிருக்கும் வெற்றுப் பட்டையைக் கவனியுங்கள். அதில் ஒரு ஜவுளிக் கடை தன் பெயரை அச்சடித்துத் தைப்பொங்கலுக்கு முன் வாடிக்கையாளருக்குத் தரும். அடுத்த தெரு நகைக்கடையும் அதே முருகனைத்தான் தரும். பட்டையில் இருக்கும் பெயர் மட்டும் வேறு. படத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிய அச்சுத் தொழிலும் அன்பளிப்பாக மாறும் இடத்தில் ஒரு பெயருக்கு இடம் விட வேண்டியிருந்தது. குடத்தின் கழுத்தில் வெட்டிய பெயரும் காலண்டர் பட்டையில் அடித்த பெயரும் செய்யும் வேலை ஒன்றே.

அச்சு வென்ற பிறகும் கை விலகிப்போகவில்லை என்பதற்குச் செட்டிநாட்டு வீடுகள் சாட்சி. அங்கே ரவிவர்மா அச்சுப்படத்தின்மேல் துணியும் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த படங்களைப் பார்க்கலாம். கடையில் வாங்கிய சரஸ்வதிக்குக் கையால் புடவை உடுத்தியிருக்கிறார்கள். வாங்கிய அச்சை வீட்டுப் பொருளாக்கும் வேலை அது. அதே வீடுகளின் கண்ணாடிப் படங்களில் சாமிகளோடு முன்னோர் உருவங்களும் உண்டு. மகாலட்சுமியை அச்சடிக்கலாம், ஒரு குடும்பத்தின் பாட்டையாவை யார் அச்சடிப்பார்கள்?

பாட்டையாவின் உருவத்தைப் பிறகு புகைப்படம் எடுத்துக்கொண்டது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் வீட்டாருக்குப் போதவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் தூரிகை எடுத்துப் புடவைக் கரைக்குச் சிவப்பும் நகைக்கு மஞ்சளும் உதட்டுக்கு இளஞ்சிவப்பும் தீட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறார்கள். அச்சுக்கும் ஓவியத்துக்கும் நடுவே, இயந்திரம் எடுத்த முகத்துக்குக் கை நிறம் கொடுத்த ஒரு நீண்ட காலம் நமக்கு இருந்தது.

ஐரோப்பாவிலும் இதே கோடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஆன்டன் கோத்காசர் (1769–1851) என்ற ஓவியர் கண்ணாடிக் குவளைகளில் ஒளி ஊடுருவும் வண்ணத்தால் நகரக் காட்சிகளையும் பூக்களையும் வரைந்து, அன்பு வாசகங்கள் எழுதிச் சூளையில் சுட்டுக் கொடுத்தார். நண்பர்களும் காதலர்களும் ஊருக்கு வந்துபோனவர்களும் வாங்கினார்கள். தண்ணீர் குடிக்கவா அவற்றை வாங்கினார்கள்? அலமாரியில் வைத்து யார் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள வாங்கினார்கள்.

இன்றைய மேசை

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இந்த வேலை நடப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கிறார்கள். அதன்பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது, பிடித்தாலும் ஒரு மாதத்தில் தோலுரியும். அடுத்து, கோடு இழுக்கும் கோன். மருதாணிக் கோன் பிடித்துப் பழகிய கைக்கு இது சுலபமாக வந்துவிடுகிறது. வாசலில் புள்ளி வைத்து இழை அறுபடாமல் கோலம் இழுத்த கைக்கு இன்னும் சுலபம். கோடு தடிக்காமல், நடுவில் விடுபடாமல், வளைவில் குமிழ் கட்டாமல் வரவேண்டும் என்பதே மூன்றிலும் பாடம். கோடு காய்ந்து மேடானதும் அதற்குள் வண்ணத்தை நிரப்புவார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியும் பல் குத்தும் குச்சியும் இங்கே தூரிகைகள்.

எந்த வண்ணம் என்பதில் பரிசின் ஆயுள் இருக்கிறது. ஒளி ஊடுருவும் கண்ணாடி வண்ணம் ஒரு வகை. ஒளியை மறைக்கும் அக்ரிலிக் இன்னொரு வகை. பகலில் அலமாரியில் பார்க்க அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும். ஆனால் கார்த்திகை மாதத்தில் உள்ளே விளக்கேற்றி வைக்கிற டம்ளர் என்றால் கதை மாறும். அக்ரிலிக் பூ கறுப்பு நிழலாகத் தெரியும். ஊடுருவும் வண்ணப் பூ தானே எரிவதுபோல் தெரியும். அண்ணாமலைமேல் தீபம் ஏற்றும் மாலையில் வீட்டு வாசலில் வைக்கத் தரும் பரிசுக்கு எது பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. சுடர் கண்ணாடியின் ஓரத்தைச் சுட்டால் வண்ணம் இளகும். ஆகவே பாதி தண்ணீர் ஊற்றி மிதக்கும் திரி வைக்கும்படி சொல்லிக் கொடுப்பது நல்லது.

உண்மையான எனாமல் கண்ணாடிக்கு ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கோத்காசரின் குவளை அப்படிச் சூளையில் சுட்டது. வண்ணம் கண்ணாடியோடு கண்ணாடியாக உருகி ஒட்டியது. வீட்டுக் கைவேலைக்கென்று விற்கும் சுடு வண்ணங்களில் சில, ஒரு நாள் காய்ந்த பிறகு அடுப்புப் பெட்டியில் 150 அல்லது 160 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் இருந்தால் போதும் என்கின்றன. பெட்டி குளிர்ந்திருக்கும்போதே கண்ணாடியை உள்ளே வைத்து, மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு ஆய்வகக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒருபக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் விரிசல்தான். அடுப்புப் பெட்டி இல்லாத வீடுகளில் காற்றிலேயே உலர்த்துகிறார்கள். அது அலங்காரத்துக்குத் தாங்கும்; தேங்காய் நாரால் தேய்க்கும் புழக்கத்துக்குத் தாங்காது. இதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வரும் மனத்தாங்கல் பாதி குறையும்.

குடிக்கும் டம்ளரில் வரைவதானால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அலங்கரித்த 72 கண்ணாடிப் பொருள்களில் 197 சோதனைகள் செய்தார்கள். 139 சோதனைகளில் ஈயமும் 134இல் காட்மியமும் தென்பட்டன. அவை தொழிற்சாலையில் அலங்கரித்தவை, கைவேலை இல்லை. இருந்தாலும் பாடம் பொது. வாய் படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு எதுவும் வரையாமல் விடுவது, உட்பக்கம் வரையவே வரையாதது, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குவது ஆகிய மூன்றும் செலவில்லாத பாதுகாப்பு. வீட்டுக்குப் பூசும் பெயின்டிலேயே ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி போட்டு 2017 நவம்பரில் அமலாக்கினார்கள். குழந்தை பால் குடிக்கும் டம்ளருக்கு நம் கவனம் சுவரைவிடக் குறைவாக இருக்கலாமா?

கூலிக் கணக்கு

இந்தத் தொழிலில் யாரும் உரக்கப் பேசாத பகுதி காசு. ஒரு பாட்டிலுக்கான கணக்கை மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டில், வண்ணம், வார்னிஷ், பொதிய அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 100 ரூபாய். விலை 350. மிச்சம் 250. பேச்சு, உருவரை, கோடு, நிரப்புதல், திருத்தம் என்று ஆறு மணி நேரம், அதாவது ஒரு நாள் வேலை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. அதாவது நூறு நாள் வேலைக்குப் போனவருக்கு அப்போது அறிவித்த கூலியைவிடக் குறைவாக இந்த ஓவியரின் நாள் முடிகிறது. வழியில் பாட்டில் உடைந்தால் அதுவும் இல்லை.

"வீட்ல சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானேம்மா, கொஞ்சம் கொறச்சுக்கோ" என்று கேட்கும் அக்காள்மார்களிடம் கோபித்துக்கொள்ள முடியாது. நாளைக்கு அவர்கள் வீட்டு வளைகாப்புக்கும் ஆர்டர் வரவேண்டும். வீட்டுக்குள் பெண் செய்யும் வேலையைச் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கில் எழுதுவது பழைய வழக்கம். பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர் எழுத்துக்கு இத்தனை என்று ஒரு காலத்தில் கேட்டு வாங்கினார். யாரும் அவரைச் சும்மா இருக்கிறவர் என்று சொல்லவில்லை. அவர் கடைவாசலில் உட்கார்ந்திருந்தார் என்பதே வேறுபாடு. பாட்டில் விலை தனி, வரைகூலி தனி என்று இரண்டு வரியில் பில் எழுதிக் கொடுப்பது சிறு மாற்றம்தான். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது வாங்குபவர் கண்ணில் படும்.

அமைப்புகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இலிருந்து பூம்புகார் என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் நடத்துகிறது. மகளிர் சுய உதவிக் குழுப் பொருள்களுக்கு 'மதி' என்ற அடையாளம் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவையெல்லாம் ஒரே மாதிரிப் பொருள் நூறு செய்து அடுக்கி வைக்கும் தொழிலுக்குக் கைகொடுக்கும். 'செல்விக்கும் குமாருக்கும்' என்று எழுதிய பாட்டிலைக் கடையில் அடுக்கி வைத்து என்ன செய்வது? அது ஒரே வீட்டுக்குத்தான் போகும். அதன் சந்தை ஊர்ப் பேச்சும் உறவும் கைபேசியும்தான்.

இயந்திரமும் பெயர் எழுதுகிறது

இதுவரை கையைக் காப்பாற்றியது பெயரும் முகமும் என்று பார்த்தோம். இப்போது அந்த வேலியும் விழுந்துவிட்டது. புகைப்படக் கப் செய்யும் கடையில் படத்தை அனுப்பினால் தாளில் அச்சடித்து, கப்பில் சுற்றி, இருநூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடம் அழுத்திக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். லேசர் கருவி கண்ணாடியில் மணமக்கள் பெயரை எழுத்துப் பிசகாமல் பொறிக்கிறது. தாம்பூலப் பையில் போட இருநூறு சின்னப் பாட்டில், ஒவ்வொன்றிலும் விருந்தாளியின் பெயர் என்றாலும் ஒரு மாலையில் முடியும். விலையும் குறைவு, வண்ணமும் உரியாது. ரவிவர்மா அச்சகம் லட்சுமியைப் பொதுவாக்கியது. இந்த இயந்திரங்கள் பெயரெழுதும் வேலையையே பொதுவாக்கிவிட்டன.

அப்படியானால் கைக்கு என்ன மிச்சம்? 'கையால் செய்தது' என்ற புகழ்ச்சி மட்டும் போதாது. கையால் வரைகிறவர்களில் பலரும் இணையத்தில் பார்த்த அதே மண்டலா வட்டத்தையும் அதே ராதாகிருஷ்ணரையும் திரும்ப வரைகிறார்கள். அந்தப் படங்களை இயந்திரம் இன்னும் நேர்த்தியாகச் செய்யும். அங்கே கை தோற்பது நியாயமும்கூட.

கை நிற்கக்கூடிய இடம் வரைவதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு பள்ளியில் வாத்தியார் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கேன்வாஸ் கேட்கிறார்கள். "ஐயா பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு, வாழ்த்து, அது போதும்." இதைக் கப் கடையும் செய்துவிடும். வரைகிறவர் அங்கே நிறுத்தாமல் கேட்கிறார்: "ஐயா தெனம் எப்படி வருவாரு?" சைக்கிளில். "கையில என்ன வெச்சிருப்பாரு?" ஹேண்டிலில் ஒரு பச்சைத் துணிப்பை தொங்கும். அதற்குள் என்ன? கொஞ்ச நேரம் யோசித்து ஒருவன் சொல்கிறான்: சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை உருண்டை. முதலில் கேட்ட வாழ்த்து வாசகம் அந்த இடத்தில் தேவையற்றதாகிவிடுகிறது. கேன்வாஸில் புளியமரத்தடியில் சாய்த்து நிறுத்திய ஒரு சைக்கிள், ஹேண்டிலில் பச்சைப் பை. அவ்வளவுதான் படம். வாத்தியார் வீட்டுச் சுவரில் மாட்டியதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது ஒரு சைக்கிள். கொடுத்தவர்களுக்கும் வாங்கியவருக்கும் மட்டும் அது என்னவென்று தெரியும்.

இயந்திரத்திடம் நாம் அனுப்புவது நம் கையில் ஏற்கெனவே இருக்கும் படம். அந்தப் பச்சைப் பையைப் பிடித்த புகைப்படம் யாரிடமும் இருக்காது. அதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதில் சிறு ஊருக்கு ஓர் அனுகூலம் உண்டு. கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊரில் வரைகிறவரும் வாங்குகிறவரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரே திருவிழாவில் தேர் இழுத்தவர்கள். யாருடைய கொல்லையில் எந்த மரம், யார் வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண் என்று பாதி தெரிந்திருக்கும். மீதியைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிக் கேட்கும் அரை மணி நேரத்தையும் வரைகூலியில் சேர்க்க வேண்டும். படத்தில் விலைமதிப்புள்ள பகுதி அங்கேதான் உருவாகிறது.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர் கருவிழியை முதலில் வைத்தார். வேறு வழியே அவருக்குக் கிடையாது. பூச்செல்லாம் முடிந்தபின் கண் வைக்கப் போனால் அது முகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். பரிசு வரைகிறவரும் அதே கட்டாயத்தில்தான் இருக்கிறார். பூவையும் பின்னணியையும் தங்க வண்ணத்தையும் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் "பேர் என்ன எழுதணும்?" என்று கேட்டால் அந்தப் பெயர் எந்தப் பாட்டிலிலும் பொருந்தும். யாருக்கு என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, கோனை அதன்பிறகு கையில் எடுக்க வேண்டும்.